மூன்று செக்கன்களின் கதை

தேயிலைத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்தோருக்கு நேரத்தின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெரட்டுக்குப் பிந்தியவரின் தவிப்பையும், கொழுந்து நிறுவை குறைந்து அரைப்பேர் விழுந்தவரின் மனக்குறையையும் அவர்கள் நன்கறிவர். கடிகாரமும் தராசும் பிறர் கையில் இருக்கையில், அந்தக் கை நேர்மையாய் இருந்தால் மட்டும் போதாது. கவனமாயும் இருத்தல் வேண்டும். கூடைப்பந்தாட்டக் களத்தின் ஓரத்தில் மேசையருகே அமர்ந்து நேரங்கணிப்பவரின் கடமையும் இத்தகையதே.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கியபோது, நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பையும் மத்தியஸ்தரிடமே ஒப்படைத்தார். பின்னர் அப்பொறுப்பு மேசைக்கு மாறிற்று. இன்று சர்வதேச விதிகளின்படி 10 நிமிடங்கள் கொண்ட 4 பகுதிகளாக ஆட்டம் நடைபெறுகிறது. எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து உள்ளே எறியப்படும்போது, அது எறிபவரின் கையை விட்டகன்றவுடன் கடிகாரத்தை ஓடவிடுதல் பிழை. களத்திலுள்ள ஒருவர் அதைத் தொட்ட பின்னரே ஓடவிடல் வேண்டும். விசில் ஒலித்ததும் நிறுத்திவிட வேண்டும். எஞ்சியிருப்பது 0.3 செக்கனாயின் பந்தைப் பிடித்து எறிய இடமுண்டு, 0.2 ஆயின் தட்டிவிட மட்டுமே முடியும். அத்துணை நுண்ணிய கணக்கு இது!

மியூனிக்கில் நடந்தது

1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி நள்ளிரவை அண்டிய வேளையில், மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டம் தொடங்கிற்று. அதுவரை ஒலிம்பிக்கில் ஆடிய 63 ஆட்டங்களிலும் தோல்வியறியாத அமெரிக்கா ஒருபுறம்; சோவியத் ஒன்றியம் மறுபுறம். 3 செக்கன்கள் எஞ்சியிருக்கையில் டக் கொலின்ஸ் இரண்டு தண்ட எறிகளையும் கூடைக்குள் இட, அமெரிக்கா 50–49 என முந்தியது. அவர் இரண்டாவது எறியை எறியும் தறுவாயிலேயே மேசையிலிருந்து ஒலி எழுந்தது. தாம் கேட்ட இடைநிறுத்தம் தரப்படவில்லை எனச் சோவியத் பயிற்றுநர்கள் முறையிட, 1 செக்கன் இருக்கையில் ஆட்டம் நிறுத்தப்பட்டது.

அப்போது சர்வதேசச் சம்மேளனத்தின் செயலாளர் நாயகமாயிருந்த வில்லியம் ஜோன்ஸ், மேசைக்கு வந்து, 3 செக்கன்களை மீளக் கொடுக்குமாறு பணித்தார். ஆட்டத்தின் நடுவே அவ்வாறு கட்டளையிட அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை. கடிகாரம் திருத்தப்பட்டு முடியுமுன்னரே பந்து வீசப்பட்டது, ஒலி எழுந்தது, அமெரிக்கர் வெற்றிக்களிப்பில் துள்ளினர். ஆயினும் மூன்றாம் முறையும் அதே 3 செக்கன்கள் ஆடப்பட்டன. எதெஷ்கோ களத்தின் ஒரு முனையிலிருந்து எறிந்த பந்தை மறுமுனையில் பெலோவ் பிடித்துக் கூடைக்குள் இட்டார். முடிவு 51–50! தலைமை மத்தியஸ்தர் ரிகெட்டோ புள்ளித்தாளில் ஒப்பமிட மறுத்தார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கங்களை ஏற்கவில்லை.

நம் நாட்டவர் கண்ட இருள்

இத்தகைய குழப்பம் கூடைப்பந்துக்கு மட்டும் உரியதன்று. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி, பார்படோசில் நடந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில், வெளிச்சம் மங்கவே அவுஸ்திரேலியர் வெற்றி கொண்டாடத் தொடங்கினர். எஞ்சிய 3 ஓவர்களையும் ஆடியே ஆகவேண்டுமென்று நடுவர்கள் கூற, நம் வீரர்கள் ஏறத்தாழ இருட்டிலே துடுப்பெடுத்தாடினர். 20 ஓவர்கள் நிறைவெய்தியிருந்தமையால் அது தேவையற்றது என்பதே விதி. தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது, நடுவர் குழுவினர் ஐவரும் அவ்வாண்டின் இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டியில் கடமையாற்றாது விலக்கி வைக்கப்பட்டனர்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

விதிகளை நன்கு கற்றவர்களே இவ்வாறு தடுமாறினரெனில், கைக்கடிகாரத்தோடு மேசையில் அமரும் ஒரு மாணவன் தவறுவதில் வியப்பென்ன? பந்தின் அழகில் மயங்கி அவன் பார்வையாளனாகி விடுவதே முதற் காரணம். அவன் கண் மத்தியஸ்தரின் கையிலும், காது விசிலிலும் இருத்தல் வேண்டும். பிழை நேர்ந்துவிட்டால் அதை மறைக்கலாகாது. நேரத்திலும் புள்ளியிலும் ஏற்பட்ட தவறுகளை, தலைமை மத்தியஸ்தர் புள்ளித்தாளில் ஒப்பமிடும்வரை திருத்தலாமென விதியே இடமளிக்கிறது. இரு அணித் தலைவர்களையும் அழைத்து, நடந்ததை வெளிப்படையாகக் கூறித் திருத்துவதே முறை. அவ்வேளையில் அதிபரோ, விருந்தினரோ, பெற்றோரோ மேசையை நெருங்குதல் தகாது. மியூனிக்கில் நேரக்கணிப்பின் பிழையைவிட, உரிமையற்றவரின் கட்டளையே ஆறாத வடுவாயிற்று.

பதுளைக் கல்லூரிகளில் அணிக்குத் தெரிவாகாத மாணவர் பலர் இருப்பர். அவர்களுக்கு விதிநூலையும் கடிகாரத்தையும் கொடுத்துப் பயிற்றுவித்தால், அவர்களும் ஆட்டத்தின் அங்கமாவர். பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பஸ் ஏறி ஆட வரும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவனுடைய தாய் ஒரு நாட்பேரை இழந்து அவனோடு வந்திருக்கலாம். அவன் தோற்றுத் திரும்பலாம், அதில் இழுக்கில்லை. ஏமாற்றப்பட்டேன் என்ற எண்ணத்தோடு மட்டும் அவன் மலையேறக் கூடாது.