முறைவினவல்: வலையமைப்புக் கருவிகளின் நிலை அறிதல்

ஆங்கிலத்தில் ‘போல்’ என்னும் சொல்லுக்கு முதற்பொருள் தலை என்பதாகும். தலைகளை எண்ணி விதித்த வரிக்கு அச்சொல் பெயராயிற்று. பின்னர் வாக்காளரை எண்ணுவதற்கும் ஆயிற்று. கணினித் துறையினர் அதனை எடுத்தாண்டது தேர்தலை எண்ணியன்று. நடுவிடத்திலுள்ள ஒரு கணினி, தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கருவியையும் வரிசையாக அழைத்து, இருக்கிறாயா, எவ்வளவு சுமந்தாய் என்று கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளும் செயலையே அவர்கள் ‘போலிங்’ என்றனர். அகராதியைத் திறக்கும் இளைஞர்க்கு ‘வாக்கெடுப்பு’ என்னும் பொருளே முதலில் கிடைக்கும். அதனை வைத்துக்கொண்டு ஒரு திசைவியின் நெரிசலை விளக்கப் புகுந்தால் கேட்போர் நகைப்பர். ஒலிபெயர்ப்பாகப் ‘போலிங்’ என்றே எழுதினாலோ, தமிழ்க் காதுக்கு அது போலியின் உறவுச்சொல்லாக ஒலிக்கிறது.

பேராக் தோட்டப்புறத் தமிழர்க்கு இச்செயல் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பெயர்ப்பட்டி படிக்கப்படும், வந்தவர் குரல் கொடுப்பர், வராதவரின் கட்டம் வெறுமையாய் நிற்கும். பெரட்டு என்பதையே கலைச்சொல்லாக்கலாமே என்று நண்பர் சிலர் கேட்டனர். நாம் உடன்படவில்லை. பெரட்டில் ஆட்கள் ஓரிடத்தில் கூடினர். இங்கே கருவிகள் தத்தம் இடத்தில் நிற்கக் கேள்வியே அவற்றைத் தேடிச் செல்கிறது. அச்சொல்லில் ஏறியிருக்கும் அதிகாரத்தின் கசப்பும் எளிதில் நீங்காது. ஆகவே ‘முறைவினவல்’ என்னும் ஆக்கத்தை இவ்வுரையில் ஆள்கிறோம். முறை என்பது ஒழுங்கையும் குறிக்கும். ‘என் முறை, உன் முறை’ என்னும் சுற்றையும் குறிக்கும். வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சுதல் உழவர் வழக்கு. அவ்விரு பொருளும் இங்கே வேண்டியவை.

கோலகங்சாரிலிருந்து மாத்தாங்குக்கு 1876இல் தந்திக்கம்பி இழுக்கப்பட்ட மாநிலம் இது. மறு ஆண்டில் அதே கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. ரப்பர்க் காடுகளுள் பல இன்று செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. அவற்றினூடே கைப்பேசிக் கோபுரங்கள் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் இத்தகைய கருவிகளைக் காக்கும் பணியில் இருப்போர் உளர். தம் தொழிலைத் தாய்தந்தையர்க்குத் தமிழில் சொல்ல இயலவில்லை என்று அவர்கள் கூறுவதைக் கேட்ட பின்னரே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இனிப் பொருளுக்கு வருவோம். 1988இல் வரையறுக்கப்பட்ட எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை, சுருக்கமாக எஸ்.என்.எம்.பி., இன்றும் இத்துறையின் பொதுமொழியாகும். கருவிக்குள் இருக்கும் ஒரு சிறு நிரல், அளவுகளை மரவடிவில் அடுக்கி வைத்திருக்கும். ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண்முகவரி உண்டு. 1.3.6.1.2.1.2.2.1.10 என்று கேட்டால், ஒரு முனையின் வழியாக உள்ளே வந்த பைட்டுகளின் எண்ணிக்கையைக் கருவி கூறும்.

அது கூறுவது வேகத்தையன்று என்பதை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். அது எண்ணிக்கொண்டே போகும் ஓர் எண்ணி. இருமுறை வினவி, பிந்தியதிலிருந்து முந்தியதைக் கழித்து, இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால்தான் வேகம் பிறக்கும். வகுக்கும் காலமும் உண்மையில் கழிந்த காலமாதல் வேண்டும். ஐந்து நிமிடம் என்று திட்டமிட்ட சுற்று 310 நொடியில் முடிந்திருக்க, 300ஆல் வகுத்தால் வரைபடம் பொய்யாய்ப் பல்லைக் காட்டும்.

பழைய எண்ணிகள் 32 பிட் அளவின. 4,294,967,295 வரை எண்ணிவிட்டு, மகிழுந்தின் ஓட்டமானி போல மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். 10 மெகாபிட் இணைப்பு முழுவேகத்தில் ஓடினால் இதற்கு ஏறத்தாழ 57 நிமிடம் ஆகும். 100 மெகாபிட்டில் 343 நொடி. ஒரு கிகாபிட்டில் 34 நொடியே. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வினவுவோர்க்கு, கிகாபிட் இணைப்பில் எண்ணி எட்டு முறை சுற்றி வந்தது தெரியாமலே போகும். பால் மங்கு நிரம்பி வழிந்தால் மரத்தடியில் தடம் கிடக்கும். எண்ணி சுழன்றால் ஒரு தடமும் இராது. இதன் விளைவு விந்தையானது: 300 நொடிச் சுற்றில் 32 பிட் எண்ணியால் காட்டக்கூடிய உச்சவேகம் ஏறத்தாழ 115 மெகாபிட்தான். இணைப்பு கிகாபிட் முழுவதும் நிறைந்து திணறும். ஏடோ பத்தில் ஒரு பங்கே பயன்படுகிறது என்னும். அகலப்படுத்தக் கேட்போரிடம் அவ்வேட்டைக் காட்டியே மேலதிகாரி மறுத்துவிடுவார்.

மருந்து எளிது. 64 பிட் எண்ணிகளை வினவுதல் வேண்டும். கிகாபிட் வேகத்தில் அவை ஒரு சுற்று முடிக்க 4,600 ஆண்டுக்கு மேலாகும். நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேற்பட்ட முனைகளில் அவை இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆயினும் நெறிமுறையின் முதற்பதிப்பு அவ்வெண்ணிகளை அறியாது. இரண்டாம் பதிப்பாகிலும் வேண்டும்.

அடுத்து, எத்தனை முறை கேட்பது? நாள்தோறும் சீவினால் ரப்பர் மரத்தின் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை அதனால் நிலைத்தது. கருவிக்கும் இத்தன்மை உண்டு. விடை கூறும் செயலியே கருவியின் மற்ற பொறுப்புகளையும் சுமக்கிறது. ஓயாது வினவினால் அதன் சுமை ஏறும். ஏறிய சுமையை நாம் வேறோர் அளவாகப் பதிவு செய்து வியப்போம்!

ஒரு கணக்கைப் பார்க்கலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை கிளைகளும், ஈப்போவில் நடுவலுவலகமும் உடைய ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். 200 சுவிட்சுகள், ஒவ்வொன்றிலும் 48 முனைகள், முனைக்கு 8 அளவுகள். மொத்தம் 76,800 அளவுகள். ஒன்றொன்றாய்க் கேட்டால் ஐந்து நிமிடச் சுற்றில் நொடிக்கு 256 கேள்விகள் ஆகும். ஒரு முனையின் எட்டளவையும் ஒரே மடலில் கேட்டால் நொடிக்கு 32. இரண்டாம் பதிப்பு தந்த மொத்தவினவலால் ஆறு முனைகளின் விடையை ஒரே மடலில் பெற்றால் நொடிக்கு ஐந்தாறு கேள்வியே மிஞ்சும். இதற்கு மேலும் திணிக்கலாமே என்றால், விடைமடல் 1,500 பைட்டைத் தாண்டிப் பல துண்டாகும். ஒரு துண்டு தொலைந்தாலும் விடை முழுதும் தொலையும். அளவறிந்து கட்டுதல் நன்று.

விடை கூறாத கருவியே சுற்றைக் குலைப்பது. ஐந்து நொடி காத்திருப்பு, மும்முறை மறுவினவல் என்று அமைத்திருந்தால், ஓர் ஊமைக் கருவி 20 நொடியை விழுங்கும். மாலை மழையில் இடிவிழுந்து மின்சாரம் போய்ப் பதினைந்து கருவிகள் மாண்டால், ஒன்றன்பின் ஒன்றாக வினவும் அமைப்பில் 300 நொடியும் அவற்றுக்கே செலவாகி, உயிரோடிருக்கும் 185 கருவிகள் கேட்பாரற்றுப் போகும். ஆதலால் பலவற்றை ஒருங்கே வினவுதல் வேண்டும்; காத்திருப்பைக் குறைத்தல் வேண்டும்; தொடர்ந்து ஊமையாய் இருப்பதை இடைவெளி கூட்டி வினவுதல் வேண்டும். எல்லாக் கேள்வியையும் நிமிடத் தொடக்கத்திலேயே ஏவாமல், சுற்று முழுதும் பரப்பிவிடுதலும் நலம். தொலைவிலுள்ள கிளைகளுக்கு அங்கேயே ஒரு வினவியை வைத்து, தொகுத்த கணக்கை மட்டும் ஈப்போவுக்கு அனுப்பச் செய்யலாம்.

ஊமைக் கருவியின் கட்டத்தில் சுழியம் எழுதுவோர் உளர். அது கூடாது. சுழியம் என்பது ‘ஒன்றும் ஓடவில்லை’ என்னும் விடை. வெறுமை என்பது ‘விடையே வரவில்லை’ என்பது. மொழியியலார் சுழியுருபுக்கும் உருபின்மைக்கும் இடையே காணும் வேறுபாட்டைப் போன்றது இது.

ஐந்து நிமிடம் என்னும் வழக்கு, டோபியாஸ் ஓட்டிகர் 1995இல் வெளியிட்ட எம்.ஆர்.டி.ஜி. என்னும் கருவியால் பரவிற்று. அவர்தம் பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் இணைப்புக்கு அது போதும். இன்று அதனை எல்லாவற்றுக்கும் பொருத்துவது சோம்பல் என்றே கருதுகிறோம். தோட்டப்புறப் பள்ளியொன்றில் ஒரு வகுப்பு முழுதும் ஒரே நேரத்தில் பாடக்காணொளியைத் திறக்கிறது எனக் கொள்வோம். இணைப்பு 30 நொடி முழுதும் நிறைந்து, பின் 270 நொடி ஓய்ந்திருக்கும். ஐந்து நிமிடச் சராசரி பத்து விழுக்காடு என்று காட்டும். ஆசிரியர் முறையிட, இணைப்பு நலமாகவே உள்ளது என்று வரைபடத்தைச் சுட்டி மறுமொழி வரும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளைகள் காத்திருந்தனர். இத்தகைய இணைப்பை அரை நிமிடத்திற்கு ஒருமுறையேனும் வினவுதல் வேண்டும். வெப்பநிலையை ஐந்து நிமிடத்திற்கொருமுறையும், கருவியின் வரிசை எண்ணை நாளுக்கொருமுறையும் கேட்டால் போதும். ஓரிடத்தில் மிச்சம்பிடித்த வினவல்களையே மற்றோரிடத்தில் செலவிடுகிறோம்.

வேறிரண்டு நுணுக்கங்களையும் சுட்டுதல் தகும். கருவி இடையில் அணைந்து எழுந்தால் எண்ணிகள் சுழியாகும். ஓடிய காலத்தையும் உடன் கேட்டால்தான் இது புலப்படும். அவ்வோட்டக் காலமும் நொடியின் நூறிலொரு பங்கால் எண்ணப்படும் 32 பிட் எண்ணாதலின், 497 நாளில் தானே சுழியாகும். முனைகளின் உள்ளெண்ணும் சில கருவிகளில் மறுதொடக்கத்திற்குப் பின் மாறக்கூடும். எண்ணை நம்பிப் பதிந்தால் தாப்பாவின் கணக்கு பீடோரில் ஏறிவிடும்; முனையின் பெயரைக் கொண்டு பொருத்துதல் வேண்டும்.

வினவாமலே கருவி தானாக முன்வந்து கூறுவதும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் கண்ணி என்னும் பொருளுள்ள சொல்லை இட்டனர். தமிழில் நாம் ‘முறையீடு’ என்போம். முனை அறுந்தது போன்ற செய்திக்கு அது உகந்தது. ஆனால் ஒப்புகை கோராத முறையீடு வழியில் தொலைந்தால் எவர்க்கும் தெரியாது. ஒப்புகை கோரும் வகையொன்று இரண்டாம் பதிப்பில் உண்டு. ‘பதிவு முறையீடு’ என அதனை வழங்கலாம், பதிவுத் தபால் போல. முறைவினவலும் முறையீடும் ஒரே வேரில் நிற்பதால் மாணவர் இரண்டையும் இணைத்தே நினைவிற் கொள்வர். மொத்தவினவல், மறுவினவல், வினவி, காத்திருப்பு எல்லை ஆகியவற்றை இவ்வுரையில் ஆண்டு பார்த்தோம். கேள்விகளைச் சுற்று முழுதும் பரப்புவதற்குத் தனிச்சொல் இன்னும் அமையவில்லை. ‘முறைபரப்பல்’ என்பது நம் செவிக்கு நிறைவளிக்கவில்லை. இத்தொழிலில் இருப்போர் தம்மிடையே எவ்வாறு சொல்லிக்கொள்கின்றனர் என்பதை மன்றத்துக்கு எழுதினால் அடுத்த பட்டியலிற் சேர்ப்போம்.