கம்பெனி வேனுக்கு யார் வீட்டு மின்சாரம்?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று பட்டணத்தில் வேன் ஓட்டுகிறார்கள். பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் இப்போது அடுப்பு எரிவது அவர்கள் சம்பளத்தில்தான். அந்த வேன்களோ மெல்ல மெல்ல மாறி வருகின்றன. சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. மலேசியாவிலும் மின்சார வேன்கள் சாலைக்கு வந்துவிட்டன.

"அம்மா, இனி எண்ணெய் ஊற்ற வேண்டாம். மின்சாரம் ஏற்றினால் போதும்" என்று உங்கள் மகன் ஒரு நாள் வந்து சொல்லலாம். மகிழ்ச்சிதான். ஆனால் உடனே அவனிடம் ஒன்று கேளுங்கள்: "எங்கே ஏற்றுவாய்? காசு யார் கட்டுவது?"

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்.

அவசரத்துக்கு ஆகாத தீனி

டீசல் ஊற்ற ஐந்து நிமிடம் போதும். பேட்டரிக்கு அப்படி இல்லை. சிறிய சரக்கு வேன் ஒன்றின் பேட்டரி ஏறத்தாழ 45 யூனிட் மின்சாரம் பிடிக்கும். வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண மூன்று முனைப் பிளக்கில் மாட்டினால், அது காலியிலிருந்து நிறைய 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 7 கிலோவாட் சார்ஜர் என்றால் ஏழு மணி நேரத்தில் முடியும். சாலையோரத்து அதிவேகச் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் பெரும் பகுதியை ஏற்றிவிடும். ஆனால் அங்கே விலை கூடுதல்.

ஆகவே பல வண்டிகள் வைத்திருக்கும் கம்பெனிக்கு ஏற்ற வழி ஒன்றுதான். வண்டிகள் ஓய்ந்து நிற்கும் இரவு நேரத்தில், தன் சொந்த முற்றத்திலேயே அவற்றுக்குத் தீனி போட வேண்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லயத்துப் பொதுக் குழாயை நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நூலாகத்தான் வரும். முறை வைத்துப் பிடித்தால் எல்லார் குடமும் நிறையும். மின்சாரமும் அப்படித்தான்.

ஒரு கம்பெனியில் பத்து வேன்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய ஓட்டத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 30 யூனிட் தேவை. பத்தையும் ஒன்றாக மாட்டினால் ஒரே நேரத்தில் 70 கிலோவாட் இழுக்கும். அதற்குத் தடித்த கம்பி வேண்டும். பெரிய இணைப்பு வேண்டும். பெரிய இணைப்பு பெற்ற நிறுவனங்களின் பில்லில், செலவான யூனிட்டோடு, ஒரே நேரத்தில் இழுத்த அளவுக்கும் கட்டணம் சேர்கிறது. ஐந்து வேன்களை இரவு 10 மணிக்கும், மற்ற ஐந்தை அதிகாலை 2.30க்கும் மாட்டினால் 35 கிலோவாட்டே போதும். காலை ஏழு மணிக்குப் பத்தும் தயார்!

ஏன் இரவு 10 மணி? தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலையில் வந்த கட்டண முறைப்படி, நேரவாரித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். அதற்குப் பிறகு மின்சாரம் மலிவு.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017ஆம் ஆண்டு இறுதிக்குள் 16,000க்கும் அதிகமான தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றியது. அங்கும் பெரும்பாலும் இரவில், பணிமனையில்தான் ஏற்றுகிறார்கள். முறை வைத்தால் பத்து வண்டிக்கும் முடியும், பதினாறாயிரம் வண்டிக்கும் முடியும்.

சுமை வீட்டுக்கு வரும்போது

இதற்கெல்லாம் செலவு செய்யத் தயங்கும் முதலாளி என்ன சொல்வார்? "தம்பி, வேனை வீட்டுக்கே கொண்டு போ. அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்" என்பார். வண்டி வீட்டு வாசலில் நிற்பது நமக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 30 யூனிட், மாதம் 26 நாள் வேலை. மொத்தம் 780 யூனிட். யூனிட்டுக்கு 45 காசு என்று வைத்தாலும் 351 வெள்ளி! குறைவாக மின்சாரம் புழங்கும் வீட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைந்துபோகும். கம்பெனி லோரிக்கு உங்கள் கைக்காசில் டீசல் ஊற்றுவீர்களா? இதுவும் அதே கதைதான்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பழைய லயத்து வீடுகளின் கம்பிகள் விளக்குக்கும் விசிறிக்கும் போட்டவை. வேனை மாட்டுவது, இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை விடிய விடியச் சூடேற்றி வைப்பதற்குச் சமம். கம்பி காயும், பிளக் உருகும், குழந்தைகள் தூங்கும் வீட்டில் தீப்பிடிக்கும். சன்னல் வழியே நீட்டிப்பு வயர் இழுத்து வண்டிக்கு மாட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

கேட்டு வாங்குங்கள்

வண்டிச் சாவியை வாங்குமுன் உங்கள் பிள்ளை மூன்று விஷயங்களை எழுத்தில் பெறட்டும்.

முதலாவது, வீட்டில்தான் ஏற்ற வேண்டும் என்றால் தனிக் கம்பியும் சார்ஜரும் கம்பெனி செலவில், பதிவு பெற்ற மின் பணியாளர் வந்து பார்த்துப் போட வேண்டும். வாடகை வீடானாலும் தோட்டத்து வீடானாலும் உரியவரின் அனுமதி முதலில் வேண்டும்.

இரண்டாவது, வேனுக்குப் போகும் மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வேண்டும். "மாதம் இவ்வளவு வைத்துக்கொள்" என்ற குத்துமதிப்பு வேண்டாம். மீட்டர் காட்டும் யூனிட்டுக்குக் காசு வரட்டும்.

மூன்றாவது, பகலில் சாலையோரச் சார்ஜரில் காத்திருக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் ஏற வேண்டும். அங்கே கட்டும் பணத்துக்கு ரசீது காட்டினால் திருப்பித் தர வேண்டும்.

இவற்றைக் கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. நல்ல முதலாளி இவற்றைத் தானே செய்து வைப்பார். கேட்டால் கோபித்துக்கொள்வாரே என்று பயந்து வாய்மூடி இருந்தால், மாதக் கடைசியில் பில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

புகையில்லாத வண்டி நம் பிள்ளைகளின் மூச்சுக்கு நல்லது. அதை வரவேற்போம். ஆனால் கம்பெனி வண்டி கம்பெனிக் காசில்தான் பசியாற வேண்டும். இதை இன்றிரவே சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிள்ளையிடம் பேசிவிடுங்கள்.