மிதந்து வந்த தரை

"மாமா, தரை மிதக்குது!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் தூக்கம் எங்கே தங்கும்? பேசியது கதிர், என் அக்கா மகன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் சொன்னது வீட்டுத் தரையை அல்ல, புதிதாக வைத்த கடல்மீன் தொட்டியின் தரையை.

வழக்கமாக மீன்தொட்டியின் அடியில் மணலோ கூழாங்கல்லோ கிடக்கும். கதிர் இரண்டும் வேண்டாம் என்று விட்டான். கண்ணாடி அடித்தளத்தின் மேல் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பலகையை வைத்து, அதன்மேல் பாறைகளை அடுக்குவதுதான் திட்டம். உங்கள் வீட்டில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே பொருளாகத்தான் இருக்கும். கடையில் 'எச்.டி.பி.ஈ. ஷீட்' என்று கேட்டால் கிடைக்கும். அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் என்று அர்த்தம்.

அடர்த்தி எல்லாம் பெயரோடு சரி! ஒரு கன சென்டிமீட்டர் பலகையின் எடை சுமார் 0.95 கிராம். அதே அளவு நல்ல தண்ணீர் 1 கிராம், கடல்நீர் 1.025 கிராம். தண்ணீரைவிட லேசான பொருள் தண்ணீருக்கு அடியில் சும்மா கிடக்குமா? கதிர் பொறுமை இல்லாமல் பாறை வருவதற்கு முன்பே, இரவோடு இரவாக உப்புநீரை நிரப்பிவிட்டான். விடிந்து பார்த்தால் பலகை மேலே நின்றது.

"சிலிகான் வச்சு ஒட்டினேனே மாமா! தொட்டியையே அதாலதானே ஒட்டியிருக்காங்க?"

நல்ல கேள்வி. சிலிகான் பசை கண்ணாடியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். பாலிஎத்திலீனிடம் அதன் பாச்சா பலிக்காது. காரணம், பாலிஎத்திலீன் கிட்டத்தட்ட மெழுகின் அண்ணன். மெழுகுவத்தியில் இருப்பதும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிதான். அதில் சில பத்து கார்பன்கள் இருக்கும், பலகையில் ஆயிரக்கணக்கில் நீளும். மெழுகின்மேல் எது ஒட்டும்? அந்தப் பலகையைத் தடவிப் பாருங்கள், விரலுக்கே அந்த வழவழப்பு தெரியும்.

பலகையை மேலே தள்ளிய விசை எவ்வளவு என்று இருவரும் கணக்குப் போட்டோம். நீளம் 88 செ.மீ., அகலம் 43, கனம் 0.6. பெருக்கினால் சுமார் 2,270 கன செ.மீ. பலகையின் எடை ஏறத்தாழ 2,157 கிராம். அது விலக்கும் கடல்நீரின் எடை 2,327 கிராம். வித்தியாசம் வெறும் 170 கிராம்! நாலு எலுமிச்சம்பழ எடை. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனது. மேலே சில கிலோ பாறை உட்கார்ந்திருந்தால் பலகை அசைந்தே இருக்காது. முதலில் பலகை, பிறகு பாறை, கடைசியில் தண்ணீர். இவ்வளவுதான் விஷயம்.

இதை நீங்களும் வீட்டில் சோதிக்கலாம். தண்ணீர் பாட்டிலின் மூடியை நீருக்குள் அமுக்கி, காற்றுக்குமிழ் எல்லாம் போனபின் விடுங்கள். மேலே வரும். பெரியவர்களிடம் சொல்லி பாட்டிலிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாங்கி, அதையும் அமுக்கி விடுங்கள். மூழ்கும். ஒரே பாட்டில், இரண்டு பிளாஸ்டிக். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். நம் பலகையின் இனத்துக்கு எண் 2.

சரி, இவ்வளவு தொல்லை தரும் பலகை எதற்கு? பாறையை நேரே கண்ணாடிமேல் வைத்தால் என்ன?

கண்ணாடிக் கடைக்காரர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? வைர நுனியால் ஒரு கோடு கிழிப்பார், மெல்லத் தட்டுவார், கண்ணாடி அந்தக் கோட்டோடு பிளந்துவிடும். கண்ணாடிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. சின்னக் கீறல் கிடைத்தால் போதும், விசை முழுவதும் அந்தக் கீறலின் முனையில் போய்க் குவியும். பாறையோ கரடுமுரடானது. ஐந்து கிலோ கல் சுண்டுவிரல் நகம் அளவு முனையில் நின்றால், அந்த ஐந்து கிலோவும் அந்த நகத்தளவு இடத்தில்தான் அழுத்தும். தொட்டிக்குள் கை விடும்போது கல் சரிந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம். பலகை அப்படி அல்ல. கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். கல்லின் முனை அதில் பதியும், பாரம் பரவும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டைகள் போடுவதும் பாரத்தைப் பரப்பத்தான்.

பலகையைத் தொட்டியின் உள்ளளவுக்கு இறுக்கமாக வெட்டக்கூடாது. சூடு ஏறினால் இந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். ஓரங்களில் சில மில்லிமீட்டர் இடம் விடவேண்டும். அந்த இடுக்கில் அழுக்கு சேரும் என்பது உண்மைதான். எனக்கும் அது பிடிக்கவில்லை.

மணலை ஏன் விட்டான் என்று கேட்பீர்கள். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. பாறைத் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கொடுமை இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். மணல் இருந்தால் கழிவு அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெறுந்தரையில் ஒளிய இடம் இல்லை, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். வெளிநாடுகளில் மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளங்களை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. அவற்றுக்கு வேகமான நீரோட்டம் வேண்டும். அந்த வேகத்தில் மணல் இருந்தால் தொட்டிக்குள் புழுதிப்புயல்தான்.

மணல் வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. பாறையும், நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவியும் போதும் என்றது ஜெர்மனியின் பெர்லின் கட்சி. மொனாக்கோவில் ழான் ஜொபேர் என்ற ஆய்வாளர் தடிமனான மணல் படுகையையே நம்பினார். காற்று எட்டாத அடிமணலில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். இரண்டு வழியிலும் மீனும் பவளமும் நன்றாக வளர்ந்திருக்கின்றன.

மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன்களுக்கு மட்டும் வெறுந்தரை ஆகாது. பவளக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கை உண்டாக்குவதே ஒரு மீன்தான் தெரியுமா? கிளிமீன் தன் அலகால் பவளப்பாறையைக் கடித்து, தொண்டையில் அரைத்து, பின்பக்கமாக மணலாக வெளியே விடும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணல் போடும். மாலத்தீவுக் கடற்கரையில் வெள்ளை மணலில் உருண்டு புரளுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கதிரின் தொட்டியில் பவளம் இல்லை, இருக்கவும் கூடாது. பாறைகட்டும் பவளங்களுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களைக் காக்க 1986இல் கடல் தேசியப் பூங்காவே அமைத்தார்கள். அதனால் இவனுடையது சுட்ட மண்ணில் செய்த பாறை. மீன், பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

பலகையைச் சரியாக வைத்து, பாறை அடுக்கி, பாக்டீரியாக்கள் பெருக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தபின்தான் மீன்கள் வந்தன. போன வாரம் மறுபடி போன். இந்தத் தடவை மாலை நேரம்.

"மாமா, பத்து உருண்டை தீனி போட்டா ரெண்டும் சேர்ந்து ஆறுதான் சாப்பிடுதுங்க. மீதி நாலும் வெள்ளைத் தரையில அப்படியே தெரியுது. மணல் இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இனிமே எத்தனை போடுவே?"

"அஞ்சு. பசிச்சா மேல வந்து கேக்கும்."