வாசலுக்கு அரளியா, செம்பருத்தியா?

"புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். ஒருமுறை நட்டால் பல வருடம் பூக்கிற மாதிரி வாசலில் ஏதாவது வைக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் தட்டுப்பாடுதான். நான்கு ஆடும் ஒரு கறவை மாடும் இருக்கின்றன. அரளி வைக்கலாமா, செம்பருத்தி வைக்கலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே நம் ஊர் வாசலுக்குப் பழகிய செடிகள்தான். இரண்டும் சாமிக்கு ஆகும். ஒரு போத்தை ஒடித்து நட்டால் வரும். பத்து, பதினைந்து வருடம் நிற்கும். ஆனால், குணத்தில் இரண்டும் நேர் எதிர். ஆடு, மாடு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு நடுவது நல்லது.

அரளி: வறட்சிக்கு அசராத செடி

நாற்கரச் சாலைகளின் நடுவில் வரிசையாக அரளி பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில், புகை, தண்ணீர்ப் பஞ்சம் எதற்கும் அது அசைந்து கொடுக்காது. சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளியை மாலைக்கான பூவுக்காகவே தோட்டம் தோட்டமாகச் சாகுபடி செய்கிறார்கள்.

பென்சில் கனமுள்ள முதிர்ந்த குச்சியை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். பதியன் போட்டும் எடுக்கலாம். செடிக்குச் செடி 6 அடி இடைவெளி விடுங்கள். நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலைதான் வளரும், பூ வராது. முதல் வருடம் வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டுத் தேற்றிவிட்டால், அதன்பிறகு பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதும். பூச்சியும் குறைவு. இளந்தளிரில் மஞ்சள் அசுவினி வரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் உதிர்ந்துவிடும். பச்சை நிறத்தில், தலைப்பக்கம் கண் போன்ற நீலப் புள்ளியோடு பெரிய புழு ஒன்றும் வரும். கையுறை போட்டு எடுத்துப் போட்டுவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆடு வாய் வைக்காது சார்" என்பதுதான் அரளியைப் பற்றி எல்லோரும் சொல்கிற நல்ல வார்த்தை. உண்மைதான். ஆனால், ஏன் வாய் வைப்பதில்லை? அந்தச் செடியின் இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாவற்றிலும் நஞ்சு இருக்கிறது. 'ஒலியாண்ட்ரின்' போன்ற அந்த நஞ்சுகள் நேராக இதயத்தைத் தாக்குபவை. செடியில் இருக்கும் பச்சை இலை கசக்கும் என்பதால்தான் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறது.

ஆபத்து, வெட்டிப் போட்ட நாளில்தான்

நான் பணியாற்றிய வட்டாரத்தில் நடந்தது இது. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது, வாசலை மறைத்து நின்ற அரளியைக் கவாத்து செய்து வேலியோரம் குவித்து வைத்தார் ஒரு விவசாயி. நான்கைந்து நாளில் இலை காய்ந்தது. பக்கத்தில் சோளத்தட்டுப் போர். தட்டை அள்ளும்போது அரளிக் குச்சியும் இலையும் சேர்ந்து வந்தது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் விடிவதற்குள் மூன்று ஆடுகள் இறந்துவிட்டன. பத்து வருடமாக அதே அரளியைச் சுற்றித்தான் அவருடைய ஆடுகள் மேய்ந்திருக்கின்றன. ஒருநாளும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

வாடியோ காய்ந்தோ போனால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் நஞ்சு அப்படியே இருக்கும். மாட்டின் உடல் எடையில் 0.005 விழுக்காடு காய்ந்த இலையே உயிரை எடுக்கும் அளவு என்று கால்நடை நூல்கள் சொல்கின்றன. 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது வெறும் 15 கிராம்தான். ஆட்டுக்கு ஒரு கைப்பிடிகூட வேண்டியதில்லை.

ஆகவே, அரளி வைத்திருப்பவர்கள் இவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்:

* கவாத்து செய்த அன்றே கழிவை அள்ளி, ஆடு கிளறாத ஆழத்தில் குழி வெட்டிப் புதையுங்கள். தீவனப் போர், தொழுவம், குப்பைமேடு பக்கம் போடாதீர்கள்.
* அடுப்பெரிக்க வேண்டாம்; அந்தப் புகையும் நல்லதல்ல. குச்சியைப் பல் குத்தவோ, பண்டம் கோக்கவோ எடுக்கக் கூடாது.
* கிணறு, குடிநீர்த் தொட்டி, மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கிளை நீளவிடாதீர்கள். இலை ஊறிய தண்ணீரும் நஞ்சாகும்.
* வெட்டும்போது பால் கையில் படாமல் பாருங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
* பூஜையில் வைத்த அரளி மாலை வாடியதும் மாட்டுக்குப் போடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இன்றோடு அதை நிறுத்துங்கள்.

பொன்னரளி என்கிற மஞ்சள் அரளியும் இதே கணக்குதான். அதன் கொட்டையைப் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

செம்பருத்தி: கேட்டதைக் கொடுத்தால் தினம் பூக்கும்

செம்பருத்தியில் இந்தப் பயம் இல்லை. பூவும் இலையும் தலைக்குத் தேய்க்க ஆகும். ஆடு தின்றாலும் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது, செடிக்குத்தான் ஆகும். ஒரே மூச்சில் மொட்டையடித்துவிட்டுப் போய்விடும். அதனால் முதல் இரண்டு வருடம் முள்வேலியோ கம்பிவலைக் கூண்டோ அவசியம்.

ஒன்றரை அடி குழி எடுத்து, மேல்மண்ணோடு 5 கிலோ மக்கிய தொழுவுரமும் இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நடுங்கள். செடிக்கு 5 அடி இடைவெளி. கோடையில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு தண்ணீர் கேட்கும். தட்டுப்பாடு உள்ள வீட்டில் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டு, தூரில் சருகு மூடாக்கு போட்டாலே பாதித் தேவை தீர்ந்துவிடும். ஒரு பூ ஒருநாள்தான் நிற்கும். புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும் என்பதால் வருடம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். வெட்டிய கிளையைத் தாராளமாக ஆட்டுக்குப் போடலாம், மருந்து அடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டு உபயோகத்துக்கு ஐந்து இதழ் நாட்டுச் சிவப்பே நல்லது. அது பிழைத்துக்கொள்ளும் செடி.

இதன் பலவீனம் மாவுப்பூச்சி. 2008-ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது நினைவிருக்கும். செம்பருத்தியும் அதற்குப் பிடித்த செடி. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 'அசிரோபேகஸ்' என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகுதான் அது அடங்கியது. எனவே வீட்டைச் சுற்றிப் பப்பாளியோ மரவள்ளியோ பருத்தியோ இருந்தால், வாசல் செம்பருத்தியை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே பெருகுவது வயலுக்கும் போகும்.

வெள்ளை தெரிந்தவுடன் அந்த நுனியை வெட்டி எரித்துவிடுங்கள். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு ஏறுவதைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல். ஒரு விஷயம்: மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள், அதைவிடப் பெரிதாக, வெள்ளை இழைகளோடு சுறுசுறுப்பாக நகர்கிற புழுவைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குட்டி.

சரி, எதை வைப்பது?

கேள்வி கேட்ட வாசகிக்கு என் பதில்: செம்பருத்தி. ஆடு, மாடு, தவழ்கிற பிள்ளை இதில் எது வீட்டில் இருந்தாலும் வாசலுக்குச் செம்பருத்திதான். கூடுதலாகச் செலவாவது ஒரு கூண்டும் தினம் ஒரு குடம் தண்ணீரும்.

கால்நடை இல்லாத வீடு, தண்ணீரே இல்லாத இடம், சாலையோரத் தூசி என்றால் அரளி நல்ல செடி. ஏற்கெனவே வீட்டில் அரளி இருக்கிறது என்பதற்காகப் பதறி வெட்ட வேண்டியதில்லை. நிற்கிற அரளி அநேகமாகத் தொல்லை தராது. அரிவாளை எடுக்கும் முன்பே, கழிவைப் புதைக்கக் குழியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விகள்

ஆடு அரளி தின்றுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்ன செய்வது?

எச்சில் ஒழுகும், கழிச்சல் போகும், நடை தள்ளாடும், மூச்சு வாங்கும். சிலசமயம் எந்த அறிகுறியும் தெரியாமலே விழுந்துவிடும். மீதித் தீவனத்தை உடனே அப்புறப்படுத்தி, மற்ற ஆடுகளையும் பிரித்துக் கட்டுங்கள். எண்ணெய், மோர், கரைசல் என எதையும் வாயில் ஊற்றாதீர்கள். புரையேறி அதுவே உயிரை எடுக்கும். ஆட்டை ஓட்டிக்கொண்டும் அலையாதீர்கள். 1962-க்கு அழைத்து, தின்ற இலையை மருத்துவரிடம் காட்டுங்கள். இறந்துபோனால், நஷ்டத்தைப் பார்த்துக் கறியாக்க வேண்டாம். ஆழமாகப் புதையுங்கள்.

பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டால்?

வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் கொடுப்பது, பால் கொடுப்பது எல்லாம் வேண்டாம். வாயில் இருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போங்கள். இதயத்துடிப்பு மாறுவது பிறகுதான் தெரியும்.

செம்பருத்தி மொட்டு, விரியாமலே உதிர்கிறதே?

பெரும்பாலும் ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பாய்ச்சல் என்று தண்ணீர் விடுவதுதான் காரணம். மூடாக்கு போட்டு, அளவாக, தவறாமல் விடுங்கள். அப்போதும் உதிர்ந்தால் மொட்டின் காம்பில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.