மேல்நிலைப் பொருள்வகைமையும் சொற்பொருளும்

0. முன்னுரை

இரு மென்பொருள்கள் தம்முள் தரவுகளைப் பரிமாறிக்கொள்வதற்கு ஒரே எழுத்துக்குறியீடும் ஒரே கோப்பு வடிவமும் மட்டும் போதா. தரவு எதனைக் குறிக்கிறது என்பதிலும் அவற்றிடையே உடன்பாடு வேண்டும். 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்த் தட்பவெப்ப ஆய்கலம் இழக்கப்பட்டமை இதற்குத் தக்க சான்றாகும். தரைநிலைய மென்பொருள் ஒன்று கணத்தாக்கைப் பவுண்டு-விசை நொடியில் கணித்துத் தந்தது. அதனைப் பெற்ற மென்பொருளோ நியூட்டன்-நொடி எனக் கொண்டது. எண் பிழையின்றிச் சென்று சேர்ந்தது. எண் குறித்த அளவு சேரவில்லை.

ஒரு துறையில் வழங்கும் கருத்துகளையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் கணினி கையாளுமாறு தருக்க முறையில் வரையறுத்துக் கூறும் அமைப்பினைக் கணினியியலார் ஆன்டாலஜி என்பர். இக்கட்டுரையில் அது பொருள்வகைமை எனப்படுகிறது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அடிப்படை வகைகளை மட்டும் கூறுவது மேல்நிலைப் பொருள்வகைமை. இதனை வடிவமைப்பதில் எழும் சிக்கல்களையும், அவற்றில் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உள்ள பங்கினையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தேவையும் வரலாறும்

பத்து மென்பொருள்களை இரண்டிரண்டாகப் பொருத்துவதாயின் 45 பொருத்தங்கள் தேவைப்படும். பொதுவானதோர் அமைப்புடன் ஒவ்வொன்றையும் இணைப்பின் பத்தே போதும். இந்தச் சிக்கனமே பொது அமைப்புக்கான முதற்காரணம் எனலாம்.

1984-இல் டக்ளஸ் லெனாட் தொடங்கிய சைக் திட்டம் பொது அறிவு முழுவதையும் கணினிக்குத் தர முயன்றது. மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் நிறுவனத்தின் (ஐ.இ.இ.இ.) பணிக்குழுவின் பொருட்டு நைல்ஸ், பீஸ் ஆகியோர் 2001-இல் சுமோ என்னும் அமைப்பினை முன்வைத்தனர். அதில் அளவு என்னும் வகை, எண் எனவும் அலகுடன் கூடிய பௌதிக அளவு எனவும் பிரிக்கப்படுகிறது. மேற்கூறிய விபத்தில் கவனிக்கப்படாத பாகுபாடு இதுவே. இத்தாலியில் குவாரினோ முதலியோர் டோல்சே அமைப்பினையும், பாரி ஸ்மித் முதலியோர் பி.எஃப்.ஓ. அமைப்பினையும் உருவாக்கினர்.

அனைவரும் ஏற்கும் ஒரே அமைப்பு இன்றுவரை உருவாகவில்லை. உலகத் தர அமைப்பின் 21838 என்னும் தரவரிசையும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. 2021-இல் வெளிவந்த அதன் முதற்பகுதி, மேல்நிலைப் பொருள்வகைமைக்கு இருக்கவேண்டிய இயல்புகளைக் கூறுகிறது. அவ்வியல்புகளை உடையனவாகப் பி.எஃப்.ஓ., டோல்சே முதலியன பிற பகுதிகளில் இடம்பெறுகின்றன.

2. அடிப்படைப் பாகுபாடுகள்

2.1 நிலைபொருளும் நிகழ்வும்: தேர் ஒவ்வொரு கணத்திலும் முழுமையாக இருப்பது. தேர்த்திருவிழா அவ்வாறன்று, அதன் ஒரு பகுதி நேற்று நிகழ்ந்தது, மற்றொரு பகுதி இன்று நிகழ்வது. முன்னதை நிலைபொருள் எனவும் பின்னதை நிகழ்வு எனவும் கொள்ளலாம்.

2.2 வகையும் பங்கும்: ஒருவர் ஆசிரியப் பணியினின்று நீங்கியபின்னும் மனிதராகவே இருப்பார், மனிதராக இருப்பதினின்று நீங்கி அவர் தொடர்ந்து இருத்தல் இயலாது. ஆகவே மனிதர் என்பது வகை. ஆசிரியர் என்பது பங்கு. ஆசிரியரை மனிதரின் உள்வகையாக மட்டும் பதிவு செய்யும் அமைப்பில், ஓய்வுபெற்றவரின் பதிவு என்னாகும் என்பதற்கு விடையில்லை.

2.3 பொருளும் பொருளாக்கமும்: பொற்சங்கிலியை உருக்கினால் சங்கிலி அழிகிறது, பொன் எஞ்சுகிறது. ஆதலின் இரண்டும் ஒரே இடத்தில் உள்ள இருவேறு உள்பொருள்கள் என டோல்சே கொள்ளும்.

2.4 பருப்பொருளும் சமூகப்பொருளும்: ‘பள்ளி இடிந்தது’, ‘பள்ளி விடுமுறை அளித்தது’ என்னும் தொடர்களில் சொல் ஒன்றே. முதலாவது கட்டடத்தையும் இரண்டாவது நிறுவனத்தையும் சுட்டுகின்றன. கட்டடம் இடிந்தபின்னும் நிறுவனம் வேறிடத்தில் இயங்கலாம்.

3. மொழியின் வகையும் பொருளின் வகையும்

இப்பாகுபாடுகளை மொழியின் இலக்கணத்திலிருந்து அப்படியே பெறலாகாது. தமிழில் ‘குழந்தை அழுதது’ என அஃறிணை முடிபு வருவதால் குழந்தை மக்களுள் அடங்காது என எவரும் கூறார். திணை என்பது சொல் ஏற்கும் முடிபு பற்றியது. நன்னூல் கூறும் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் மேல்நிலை வகைகளுக்கு மிக அணுக்கமானவை. எனினும் அவை பெயர்ச்சொற்களின் பாகுபாடாகவே கூறப்பட்டவை.

அகராதி அடுக்குமுறைக்கும் இது பொருந்தும். ஆங்கிலச் சொல்வலையான வேர்ட்நெட்டினை டோல்சேயுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தோர், அதில் வகைகளும் பங்குகளும் ஒரே அடுக்கில் கலந்துள்ளமையைச் சுட்டினர். வேர்ட்நெட்டைச் சுமோவுடன் இணைத்தவர்களோ சொல்லையும் வகையையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. கருத்து வகைக்கு நிகரானதா, வகையினுள் அடங்குவதா, வகையின் ஒரு தனிப்பொருளா என மூவகை உறவுகளை அவர்கள் வேறுபடுத்தினர். மொழிபெயர்ப்பாளர் ‘இதற்கு நிகர்’, ‘இதனினும் விரிந்தது’ என எடைபோட்டுச் சொல் தேர்வதும் ஏறத்தாழ இத்தகைய பணியே.

இங்கு எதனை நடுவாகக் கொள்வது என்பதே முதன்மையான வினா. தமிழில் அண்ணன், தம்பி எனவும் தெலுங்கில் அன்ன, தம்முடு எனவும் வேறுபாடு உண்டு. ஆங்கிலப் ‘பிரதர்’ நடுச்சொல்லாக அமையுமாயின், இரு மொழிகளுக்கும் பொதுவான மூப்பு வேறுபாடு இடையில் மறைந்துவிடும்; தெலுங்கில் எச்சொல்லை இடுவது என்பதற்குத் தரவில் சான்று எஞ்சாது. குடும்ப உறவுகளைப் பதியும் மென்பொருளில் இவ்விழப்பு நடைமுறைப் பிழையாகவே முடியும். நடுவில் ஒரு மொழியின் சொல்லை வையாது, பெற்றோர் பொதுமை, ஆண்பால், பிறப்புக் காலத்தின் முன்பின் என்னும் உறவுகளை வைப்பின் எம்மொழிச் சொல்லையும் வரையறுக்கலாம். மேல்நிலை அமைப்பு தரவேண்டியது ‘அண்ணன்’ என்னும் கருத்தையன்று. அதனை வரையறுக்க உதவும் மனிதர், நிகழ்வு, காலமுறை ஆகியவற்றையே.

இந்திய மொழிச் சொல்வலைகளை இணைக்கும் இந்தோ வேர்ட்நெட், பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவான இந்திச் சொல்வலையினின்று விரிவாக்க முறையில் வளர்ந்ததாகும். இம்முறை பணியை விரைவாக்கும். இனமொழிகளிடையே பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் மூலமொழியில் தனிச்சொல் பெறாத கருத்துகளுக்குத் தனியிடம் அளித்து, அவற்றை மேல்நிலை வகைகளுடன் நேரடியாக இணைத்தல் இன்றியமையாதது.

4. முடிவுரை

மேல்நிலைப் பொருள்வகைமை சிறிதாகவும், எம்மொழிச் சொல்லையும் சாராததாகவும், ஒவ்வொரு வகையும் தருக்க முறையில் வரையறுக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். சொல்வளம் அதன்கீழ் அமையும் மொழிசார் அடுக்குகளில் இடம்பெறுதல் தகும். அவ்வடுக்குகளை மேல்நிலையுடன் பிணைக்கும் பணியைப் பொறியாளர் தனித்துச் செய்தல் அரிது. ஒரு சொல் வகையைக் குறிக்கிறதா, பங்கைக் குறிக்கிறதா, இரு வகைகளுக்குப் பொதுவாய் நிற்கிறதா என்பதை அம்மொழியின் வழக்கறிந்தோரே கூறவியலும். இப்பணியில் மொழியியலார் தொடக்கத்திலேயே ஈடுபடாவிடின், பிறமொழிச் சொல்லடுக்கே உலகின் அமைப்பாக ஏற்கப்பட்டுவிடும். பின்னர் அதனைத் திருத்துவது எளிதன்று.