கரையேறிய பின் அரிக்கும் உப்பு

பண்டார் தெங்காரா கடற்கரை ஊரன்று. 1972இல் நிறுவப்பட்ட கெஜோரா என்னும் வளர்ச்சி வாரியத்தின் முயற்சியால், ஜொகூர் மாநிலத்தின் உட்பிரதேசத்தில், செம்பனைத் தோட்டங்களின் நடுவே உருவான நகரம் அது. அங்கே வசிக்கும் தூண்டில் பிரியர் ஒருவர், விடுமுறை நாளில் படகை டிரெய்லரில் ஏற்றி, கோத்தா திங்கி வழியாகத் தஞ்சோங் செடிலிக்குப் பிரயாணம் செய்து, அந்தி சாயும் வேளையில் வீடு திரும்பி, மோட்டாரைக் கொல்லைப்புறத்தில் நிறுத்திவிட்டு அடுத்த விடுமுறை வரையில் அதை மறந்திருப்பாரானால், கடலைவிட்டு வந்துவிட்ட யந்திரத்துக்கு உப்பினால் இனி என்ன தீங்கு நேரும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாயிருக்கும். உண்மை இதற்கு நேர்மாறானது. உப்பு தன் வேலையை நிதானமாகச் செய்வது, யந்திரம் ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில்தான்.

1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த காலம் முதல், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாருக்கு, அது மிதக்கும் நீரே சூட்டைத் தணிக்கும் சாதனமாகவும் இருந்து வருகிறது. இக்கால மோட்டார்களில் அடிப்பாகத்திலுள்ள ரப்பர் இம்பெல்லர் நீரை உறிஞ்சி, சிலிண்டர்களைச் சூழ்ந்த குறுகிய வழிகளில் செலுத்தி வெளியேற்றுகிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உண்டு. மோட்டாரை நிறுத்தியதும் அவ்வழிகளில் தங்கிய நீர் வற்றி, உப்பு மட்டும் படிகிறது. அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையதாகையால், ஜொகூரின் புழுக்கத்தில் அப்படிவு முற்றிலும் உலர்வதே இல்லை. ஓயாமல் கசியும் அந்த உப்புநீர், அலுமினியத்தின் மீது இயற்கையாக அமைந்த மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்து, உலோகத்தைக் குழி குழியாக அரித்துவிடுகிறது.

மோட்டார் நீரில் இருக்கும்போது நிகழும் அரிப்போ வேறுவகை. அலுமினிய உறையும் துருப்பிடிக்காத எஃகுத் தண்டும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் மூழ்கியிருந்தால், அங்கே ஒரு மின்கலமே உண்டாகி, அலுமினியம் மெல்லக் கரையத் தொடங்கும். இதற்குரிய பரிகாரத்தை 1824இலேயே ஹம்ப்ரி டேவி கண்டறிந்தார். பிரிட்டிஷ் கப்பல்களின் செப்புத் தகட்டில் துத்தநாகமோ இரும்போ சிறிதளவு சேர்த்தால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று அவர் காட்டினார். செம்பு கரையாது நின்றதால் அதன் நஞ்சும் குறைந்து, பாசியும் கொட்டலசும் கப்பலடியில் தாராளமாக வளர்ந்தது வேறு கதை. ஆயினும் அந்தத் தத்துவமே இன்று மோட்டாரில் பொருத்தப்படும் அனோடுக் கட்டிகளுக்கு ஆதாரம். கரைவதற்கென்றே வைக்கப்பட்ட அக்கட்டிக்கு வர்ணம் பூசுவது அதன் தொழிலையே தடுப்பதாகும். பாதியளவு கரைந்ததும் அதை மாற்றிவிட வேண்டும்.

எந்தக் கட்டி என்பது நீரைப் பொறுத்தது. துத்தநாகம் கடலுக்கு ஏற்றது. நன்னீரிலோ மேலே பொருக்கு கட்டிச் செயலற்றுப்போகும். மக்னீசியம் நன்னீருக்கு உகந்தது. கடலில் வெகு விரைவில் கரைந்துவிடும். ஜொகூர் ஆற்றில் கடல்நீர் மேலேறி வருவதை எதிர்த்துத் தள்ளுவதற்காகவே, 1995இல் சிங்கப்பூர் கட்டி முடித்த லிங்கியூ நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது. இப்படி ஆறும் கடலும் எல்லை மாறிக் கலக்கும் பிரதேசத்தில் படகு விடுகிறவர்களுக்கு, இரண்டிற்கும் இடைப்பட்ட அலுமினியக் கலவைக் கட்டியே பொதுவாகப் பொருந்தும்.

ஆனால் வெளிப்புறத்தில் அமைந்த கட்டி, உள்வழிகளில் படிந்த உப்பை ஒன்றும் செய்யாது. அதற்கு நன்னீர் ஒன்றே மருந்து. மோட்டாரிலுள்ள குழாய் வாயிலிலோ, நீர் உறிஞ்சும் துவாரங்களின்மேல் மாட்டும் ரப்பர் கிண்ணங்களிலோ குழாயை இணைத்து, அல்லது அடிப்பாகத்தை நீர் நிறைந்த பீப்பாயில் இறக்கி, கையேடு கூறும் முறைப்படி பத்து நிமிடமாவது கழுவ வேண்டும். நீரின்றி ஓட்டினால் இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிவிடுமாதலால், பக்கத்தில் நீர்த்தாரை பீறிடுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். முடிந்ததும் மோட்டாரை நிமிர்த்தி வைத்து, உள்ளிருக்கும் நீர் முழுவதும் வடியவிட வேண்டும்.

உப்பு நாட்பட்டு இறுகிவிட்டால் வெறும் நீர் அதை எளிதில் கரைக்காது. ஆகவே, படித்துறையில் குழாயிருந்தால் புறப்படும் முன்பே அங்கு கழுவிவிடுவதும், இல்லையெனில், வீடு சேர்ந்ததும் மீனைச் சமையலறைக்குக் கொடுப்பதற்கு முன் மோட்டாருக்குத் தண்ணீர் கொடுப்பதும், கடலுக்குத் தொலைவில் வாழும் படகுக்காரர் கைக்கொள்ள வேண்டிய வழக்கமாகும்.