ஆட்டத்தை நிறுத்தியது யார்?



வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால், நம் பெரியவர்கள் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகி வைப்பார்கள். தோட்டப்புறத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். அந்த வேப்பிலையைக் கண்டதும் அண்டை வீட்டார் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். தங்கள் பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கம் விளையாட அனுப்பமாட்டார்கள். ஆனால், 'இந்தப் பிள்ளையால்தான் நமக்குக் கேடு வந்தது' என்று எவரும் அந்தப் பிள்ளையை ஏசுவதில்லை.

நோய் வந்திருப்பதைத் தெரியப்படுத்துவது வேறு. நோயாளியைக் குற்றவாளி ஆக்குவது வேறு. இந்த இரண்டையும் நாம் எவ்வளவு எளிதில் குழப்பிக்கொள்கிறோம் என்பதற்கு 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல சான்று. ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரின் மருத்துவச் சோதனை முடிவு, ஒரு பெரிய விளையாட்டுச் சங்கத்தின் ஆட்டங்கள் அனைத்தையும் ஒரே இரவில் நிறுத்திவிட்டது. அது எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்பதை இன்று சற்று விளக்கமாகக் காண்போம்.

என்.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 குழுக்கள் உள்ளன. அவற்றுள் 29 அமெரிக்காவையும் ஒன்று கனடாவையும் சேர்ந்தவை. வழக்கமான ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் 82 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஆகவே, ஆட்டக்காரர்கள் வாரத்திற்கு மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடிக்கொண்டு, விமானம் ஏறி ஊர் ஊராகச் சென்றுகொண்டே இருப்பார்கள். கூடைப்பந்து உடலோடு உடல் உரச ஆடும் ஆட்டம். மூச்சு வாங்க, வியர்வை சிந்த, கூரையிட்ட அரங்கினுள் நடைபெறும் ஆட்டம். மூச்சுவழிப் பரவும் ஒரு நோய்க்கு இதைவிட வசதியான இடம் அரிது.

2020 மார்ச் 11, புதன்கிழமை. கோவிட்-19 ஓர் உலகப் பெருந்தொற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததும் அதே நாள்தான். அன்று மாலை ஒக்லஹோமா நகரில், அந்நகரின் தண்டர் குழுவும் யூட்டா மாநிலத்தின் ஜாஸ் குழுவும் மோதவிருந்தன. அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். ஆட்டக்காரர்கள் திடலில் இறங்கிவிட்டனர். பந்தை உயர வீசி ஆட்டத்தைத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வேளையில் தண்டர் குழுவின் மருத்துவ அதிகாரி ஒருவர் ஓடோடி வந்து நடுவர்களிடம் ஏதோ சொன்னார். நடுவர்கள் இரு குழுவினரையும் உள்ளே அனுப்பினர். அரை மணி நேரத்திற்கும் மேல் காத்திருந்த மக்களிடம், ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்றும், அவர்களுக்கு ஆபத்து ஏதுமில்லை என்றும் ஒலிபெருக்கி அறிவித்தது.

காரணம் பிறகே வெளியில் வந்தது. ஜாஸ் குழுவின் ரூடி கோபேர் என்பவருக்கு கோவிட்-19 நோய் உறுதியாகியிருந்தது. பிரான்ஸ் நாட்டில் பிறந்த இவர் ஏழு அடிக்கும் மேல் உயரமானவர். 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சங்கத்தின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். உடல்நலமில்லை என்று அன்று அவர் அரங்கிற்கே வரவில்லை. முதலில் சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் தொண்டை அழற்சிக்கும் சோதித்தனர்; அவை இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகே கோவிட் சோதனை செய்தனர். அதன் முடிவு ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வந்து சேர்ந்தது.

அன்றிரவே சங்கம் தன் பருவ ஆட்டங்கள் முழுவதையும் நிறுத்திவைத்தது.

ஒருவருக்கு நோய் என்றால் அவரை மட்டும் ஓய்வில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாமே, எதற்காக 30 குழுக்களையும் நிறுத்தவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். இதற்கு விடை அந்தச் சங்கத்தின் ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. மார்ச் மாதத்தின் முதல் ஒன்பது நாளில் ஜாஸ் குழு கிளீவ்லாண்டு, நியூயார்க், பாஸ்டன், டெட்ராய்ட், டொராண்டோ ஆகிய ஐந்து குழுக்களுடன் மோதியிருந்தது. அவற்றுள் டொராண்டோ தவிர மற்ற நான்கு குழுக்களும் அதற்குள் வேறு குழுக்களுடன் ஆடிவிட்டன. நடுவர்களும் அப்படித்தான். அதே மார்ச் 11 இரவு, கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் நடக்கவேண்டிய மற்றோர் ஆட்டமும் கைவிடப்பட்டது. அந்த ஆட்டத்திற்கு நியமிக்கப்பட்ட நடுவர்களில் ஒருவர், இரண்டு நாள் முன்பு ஜாஸ் குழுவின் ஆட்டத்தில் நடுவராக இருந்தவர் என்பதே காரணம். மீன் வலையில் ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தால் வலை முழுவதும் அசையும் அல்லவா? அதைப் போன்றது இது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கிருமி உடலில் புகுந்தவுடனே காய்ச்சல் வந்துவிடுவதில்லை. அந்தத் தொடக்க காலத்தில் பரவிய கிருமியைப் பொறுத்தவரை, நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் ஐந்து நாள் அளவில் ஆகும். பதினான்கு நாள் வரை செல்வதும் உண்டு. நோய்க்குறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். சிலருக்குக் குறி எதுவுமே தோன்றாது. ஆயினும் அவர்கள் பரப்பக்கூடும். ஆகவே, 'காய்ச்சல் உள்ளவரை ஒதுக்கினால் போதும்' என்ற பழைய கணக்கு இங்கே உதவவில்லை.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமியைச் சோதனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதனையும் சிறிது பார்ப்போம்.

மூக்கின் உட்புறத்திலோ தொண்டையிலோ பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்து மாதிரி எடுக்கிறார்கள். அதில் கிருமி இருந்தாலும் மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். எனவே, கிருமியின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாக மாற்றி, அதனைப் பல படிகளாகப் பெருக்குகிறார்கள். இதற்குப் பி.சி.ஆர். முறை என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் தானிய மணிகளை இரட்டித்து வைத்துக்கொண்டே போன கதையை நாம் கேட்டிருக்கிறோம். அதே கணக்குத்தான். பத்துச் சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். இருபது சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது சுற்றில் நூறு கோடிக்கும் மேல் ஆகிவிடும். அவ்வளவு பெருகிய பிறகு கருவி அதனை எளிதில் கண்டுகொள்ளும்.

ஆனால், சோதனை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மாதிரியில் கிருமியின் மரபுப் பொருள் இருக்கிறது. அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போயிற்று என்பவற்றை 'உண்டு, இல்லை' என்ற அந்த ஒற்றை விடை சொல்வதில்லை. ஆகவே, ஓர் ஊரில் முதலில் நோய் உறுதியானவர், அந்த ஊருக்கு நோயைக் கொண்டுவந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் முதலில் சோதிக்கப்பட்டவர், அவ்வளவே.

இந்தச் சிறிய வேறுபாட்டைத்தான் அன்று பலர் மறந்தனர். அதற்குக் கோபேரும் ஓரளவு இடம் கொடுத்துவிட்டார் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. நோய் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பு, செய்தியாளர் சந்திப்பு முடிந்து எழுந்தவர், மேசைமீது இருந்த ஒலிவாங்கிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போனார். தொற்று அச்சத்தைக் கேலி செய்த விளையாட்டு அது. நோய் உறுதியானதும் அந்தப் படக்காட்சி உலகெங்கும் சுற்றியது. மறுநாளே அவருடைய குழுவின் மற்றொரு முன்னணி ஆட்டக்காரரான டோனவன் மிட்செலுக்கும் நோய் இருப்பது தெரியவந்தது. பழி முழுவதும் கோபேர் தலையில் விழுந்தது.

அவர் செய்தது பொறுப்பற்ற செயல்தான். அதனை அவரே ஒப்புக்கொண்டு, மார்ச் 12-ஆம் நாள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வேலையிழந்த அரங்கப் பணியாளர்களுக்கும், யூட்டா, ஒக்லஹோமா, பிரான்ஸ் ஆகிய இடங்களில் நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உதவ ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வழங்கினார். ஆயினும், அவரும் மிட்செலும் சில காலம் பேசிக்கொள்ளவே இல்லை. மிட்செலுக்கு நோய் கோபேரிடமிருந்துதான் வந்ததா, அல்லது இருவருக்கும் வேறு யாரிடமிருந்தோ வந்ததா என்பதை அந்தச் சோதனை முடிவுகள் சொல்லவில்லை. இன்னொன்றையும் நாம் கவனிக்கவேண்டும். இந்நோய் பெரும்பாலும் பரவுவது மூச்சுக் காற்றின் வழியாக. பொருள்களைத் தொடுவதால் பரவுவது அதைவிட மிகக் குறைவு என்று பின்னர் வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. மக்கள் எந்தச் செயலுக்காக அவரை அதிகம் ஏசினார்களோ, அதைவிட அவர் முறைப்படி ஆடிய ஐந்து ஆட்டங்களே நோய் பரவ அதிக வாய்ப்பு உள்ளவை. அவற்றை ஆடியதற்காக அவரை யாரும் ஏசவில்லை.

வேறொரு குறையை எடுத்துச் சொன்னவர்களும் இருந்தனர். அது நியாயமான குறை. அன்றிரவு ஜாஸ் குழுவைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு உடனே சோதனை செய்யப்பட்டது. அதே வாரங்களில், காய்ச்சலும் இருமலுமாக இருந்த சாதாரண மக்கள் பலர் சோதனை கிடைக்காமல் அமெரிக்காவில் அலைந்துகொண்டிருந்தனர். சோதிக்கப்படாத நோயாளிக்குப் பெயர் இல்லை. அவரால் எதுவும் நிற்பதில்லை. நோய் மட்டும் அமைதியாகப் பரவும்.

சோதனையே இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கும் விளையாட்டு வரலாற்றில் சான்று உண்டு. 1919-ஆம் ஆண்டு, சியாட்டில் நகரில் ஸ்டான்லி கிண்ணப் பனிவளைகோற்பந்து இறுதிச் சுற்று நடந்தது. சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ், மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஆகிய இரு குழுக்களும் ஆளுக்கு இரண்டு வெற்றி பெற்றிருந்தன. ஓர் ஆட்டம் சமமாக முடிந்திருந்தது. கடைசி ஆட்டம் ஏப்ரல் 1-ஆம் நாள். அதற்குள் பெரும் சளிக்காய்ச்சல் மான்ட்ரியால் குழுவினரைப் படுக்கையில் தள்ளியது. ஆட்டத்திற்குச் சில மணி நேரமே இருந்தபோது அது கைவிடப்பட்டது. அந்தக் குழுவின் ஜோ ஹால் ஏப்ரல் 5-ஆம் நாள் உயிரிழந்தார். மனிதரைத் தாக்கும் சளிக்காய்ச்சல் வைரஸ் 1933-இல்தான் பிரித்தறியப்பட்டது. ஆகவே, 1919-இல் ஆட்டத்தை நிறுத்தச் சோதனை முடிவு வரவில்லை. நோயே வந்து நிறுத்தியது. 2020-இல் முடிவு முந்திக்கொண்டு வந்தது. வருமுன் காப்பது என்பது இதுதான்.

அந்த 1919 நிகழ்ச்சியில் நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஆட முடியாத நிலையில் மான்ட்ரியால் குழு கிண்ணத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தது. எதிரி நோயுற்றதால் வரும் வெற்றி எங்களுக்கு வேண்டாம் என்று சியாட்டில் குழு மறுத்துவிட்டது. அந்த ஆண்டு கிண்ணம் யாருக்கும் போகவில்லை.

கூடைப்பந்துக்குத் திரும்புவோம். கோபேருக்கு நோய் உறுதியான மறுநாளிலிருந்து அமெரிக்காவில் பனிவளைகோற்பந்து, காற்பந்து, பேஸ்பால் என்று மற்ற விளையாட்டுகளும் நின்றன. அதுவரை 'இது எங்கோ நடப்பது' என்றிருந்த பலர், அதன் பிறகே நோயைக் கருத்தில் எடுத்துக்கொண்டனர். நான்கு மாதத்திற்கும் மேல் கழித்து, ஜூலை 30-ஆம் நாள், புளோரிடாவில் ஒரே வளாகத்தில் 22 குழுக்களைத் தங்கவைத்து, வெளித் தொடர்பைத் துண்டித்து, தொடர்ந்து சோதனை செய்துகொண்டே ஆட்டங்களை மீண்டும் நடத்தினர். நுழைவுத் தனிமைக் காலம் முடிந்த பிறகு அங்கே ஆட்டக்காரர் எவருக்கும் நோய் உறுதியாகவில்லை. மார்ச்சில் ஆட்டத்தை நிறுத்தியதும் சோதனை. ஜூலையில் ஆட்டத்தை நடத்த உதவியதும் அதே சோதனை. மீண்டும் தொடங்கிய முதல் ஆட்டத்தின் முதல் புள்ளிகளைப் போட்டவர் யார் தெரியுமா? அதே ரூடி கோபேர். அந்த ஆட்டம் 106-க்கு 104 என்று ஜாஸ் குழுவுக்கு வெற்றியாக முடிந்தது. வெற்றியைத் தந்த கடைசி இரண்டு புள்ளிகளும் அவர் போட்டவையே.

நேயர்களே, நம் மலேசியாவிலும் 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்த நாள்களில் நோய் கண்ட வீட்டைச் சுட்டிக்காட்டி, 'அவர்களால்தான்' என்று நாமும் தாழ்ந்த குரலில் பேசியிருப்போம். அப்படிப் பேசும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். பழிக்கு அஞ்சுகிறவர் சோதனைக்குப் போகமாட்டார். இருமலை விழுங்கிக்கொண்டு வேலைக்கும் கோயிலுக்கும் திருமண வீட்டிற்கும் வருவார். அவரை அப்படி வரச் செய்ததில் நம் நாவுக்கும் பங்கு உண்டு.

அந்த மார்ச் மாதத்து இரவில் ஆட்டத்தை நிறுத்தியவர் கோபேர் அல்லர். நிறுத்தியது, ஏற்கனவே அரங்குகளுக்குள் புகுந்துவிட்ட நோய். அவருடைய சோதனை முடிவு, வாசலில் செருகிய வேப்பிலை போன்றது. வேப்பிலையைக் கண்டால் விலகி நிற்போம். உள்ளே படுத்திருப்பவருக்கு வேண்டிய கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டு வருவோம்.